குஞ்சும் லார்வாவும்: எல்லைப்புற மீன்வளர்ப்புப் பயிற்சியில் ஒரு கலைச்சொல் இடைவெளி

1. சிக்கலின் இயல்பு

மீன், இறால், சிப்பி ஆகியவற்றின் முட்டை பொரிந்த வேளை முதல், வெளிவந்த உயிர் தன் பெற்றோரின் வடிவத்தை அடையும் வரையுள்ள பருவத்தைத் தொட்டிகளில் பேணி வளர்ப்பது இன்று தனியொரு பாடமாகப் பல்கலைக்கழகங்களில் பயிற்றப்படுகிறது. பெல்ஜியம் நாட்டின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 1978ஆம் ஆண்டு அமைந்த ஆர்டீமியா மையம் இத்துறையில் ஆய்வையும் பயிற்சியையும் இணைத்து வளர்த்த நிறுவனங்களுள் முதன்மையானது. 1991 முதல் அங்கு நடைபெற்றுவரும் பன்னாட்டுக் கருத்தரங்குகள் 'லார்வி' என்ற பெயராலேயே அறியப்படுகின்றன. தென்னிந்தியாவில் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977இலும், கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மீன்வளக் கல்லூரி 1979இலும் தொடங்கப்பெற்றன. பின்னதை அடிப்படையாகக் கொண்டு 2010இல் கேரள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகம் கொச்சியை அடுத்த பனங்காட்டில் உருவாயிற்று. முன்னது 2012இல் நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்த தமிழ்நாட்டு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் உறுப்பாயிற்று.

இந்நிறுவனங்களில் பட்ட வகுப்புப் பாடங்கள் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன. உழவர்க்கும் பண்ணைப் பணியாளர்க்கும் தரப்படும் குறுகியகாலப் பயிற்சியோ அவரவர் மொழியில் நிகழ்ந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஆய்வு முடிவு, தொட்டியருகில் நிற்பவரின் செயலாக மாறும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். அவர் தேர்ந்தெடுக்கும் ஒரு சொல் ஒரு தொட்டி உயிர்களை வாழவைக்கவும் கூடும், சாகவைக்கவும் கூடும். இது மிகைக் கூற்றன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டு காட்டும்.

ஆற்று இறால் எனப்படும் பெரிய நன்னீர் இறால் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழ்வது. ஆனால் அதன் முட்டையிலிருந்து வெளிவரும் உயிர் நன்னீரில் வாழாது. ஓரிரு நாள்களுக்குள் உவர்நீரை அடையாவிடின் அது இறந்துவிடும். இவ்வுண்மையை 1960களின் தொடக்கத்தில் மலேயாவின் பினாங்கில் ஆய்ந்த ஷாவோ வென் லிங் கண்டறிந்தார். அதன் பின்னரே இவ்விறாலை வளர்ப்பது கைகூடியது. வளர்ப்புத் தொட்டியில் ஆயிரம் பங்கு நீருக்குப் பன்னிரண்டு பங்கு என்ற அளவையொட்டி உப்பு இருத்தல் வேண்டும். பதினொரு பருவங்களைக் கடந்து, ஏறத்தாழ ஒரு மாதக் காலத்தில் அவ்வுயிர் சிற்றிறாலாக உருமாறுகிறது. அதன்பின் அதனைப் படிப்படியாக நன்னீர்க்குப் பழக்கிக் குளத்தில் விடலாம். 'ஆற்று இறால் குஞ்சை நன்னீரில் விடலாமா?' என ஒருவர் வினவினால் 'ஆம்' என்பதும் 'இல்லை' என்பதும் சரியான விடைகளே. குஞ்சு என்பது எப்பருவத்தைக் குறிக்கிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். தமிழில் அச்சொல் இரண்டையும் குறிக்கிறது.

2. எல்லைப்புறத்தின் நிலை

பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் திரளாக வாழ்கின்றனர். பாலக்காடு 1956 வரை சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரைச் சேர்ந்தவை. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ள வழி செய்தது. கடிதம் எழுதும் உரிமைக்குச் சட்டம் உண்டு. தொழிற்கல்வியின் சொற்களுக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இல்லை.

இப்பகுதியின் மீன்வளர்ப்பு உள்நாட்டு நீர்நிலைகளைச் சார்ந்தது. மலம்புழா அணையை ஒட்டி மீன்விதைப் பண்ணை உள்ளது. வாளையாறு, மீன்கரை, சுள்ளியாறு, மங்கலம் முதலிய நீர்த்தேக்கங்களில் கெண்டையினக் குஞ்சுகள் இருப்புச் செய்யப்படுகின்றன. எல்லைக்கு இப்பால் ஆழியாற்றிலும் வைகை அணையிலும் தமிழ்நாட்டு மீன்வளத்துறையின் பண்ணைகள் இருக்கின்றன. சித்தூரில் குளம் வைத்திருக்கும் ஒருவர் பயிற்சிக்கு மலம்புழா செல்லலாம், குஞ்சு வாங்க ஆழியாறும் செல்லலாம். முதலிடத்தில் மலையாளக் கையேடு, இரண்டாமிடத்தில் தமிழ்க் கையேடு, இரண்டிற்கும் மூலமாக ஆங்கில நூல். மூன்றும் ஒரே பொருளைச் சொல்வதாக அவர் எண்ணுவது இயல்பு.

3. இரண்டு பழந்தொழில்களின் சொற்கள்

தமிழில் மீன்வளர்ப்புச் சொற்கள் பெரும்பாலும் இரண்டு தொழில்களிலிருந்து பெறப்பட்டவை. ஒன்று நெல் வேளாண்மை. மற்றொன்று கோழி வளர்ப்பு. மீன் விதை, நாற்றங்கால் குளம், அறுவடை என்பன முன்னதன் கொடை. குஞ்சு, பொரிப்பகம், அடைகாத்தல் என்பன பின்னதன் கொடை. கால்நடை வளர்ப்பிலிருந்து சினைமீன் என்ற சொல்லும் வந்து சேர்ந்துள்ளது. இதனால் ஒரே கையேட்டில் 'சினைமீனிலிருந்து முட்டை பெற்றுப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரித்து, விதையை நாற்றங்காலில் விட்டு, அறுவடை செய்தல்' என்ற பொருளில் வாக்கியங்கள் அமைகின்றன. பசுவும் கோழியும் நெல்லும் ஒரே வாக்கியத்தில் கூடியிருப்பினும் தமிழர் எவரும் அதனை வேடிக்கையாகக் கொள்வதில்லை. உருவகம் மங்கிச் சொல்லாக உறைந்துவிட்டது என்பதற்கு இதுவே சான்று.

விதை என்னும் உருவகம் தமிழில் தோன்றியதன்று. இந்தியக் கெண்டைகள் குளத்தில் தாமாக இனம் பெருக்குவதில்லை. ஆகவே ஆற்று வெள்ளத்தில் மிதந்துவரும் இளமீன்களை வலையிட்டுச் சேகரித்து விற்பது வங்கத்தில் நெடுங்காலமாக நடைபெற்ற தொழில். வங்க மொழியில் அவற்றின் வளர்ச்சிப் படிகள் ரேணு பொனா, தானி பொனா, சாரா பொனா என வழங்குகின்றன. ரேணு மகரந்தப் பொடி, தான் நெல், சாரா நாற்று. பொடியளவு, நெல்லளவு, நாற்றளவு என்று கண்ணால் கண்டு தரம் பிரிக்கும் வணிகர்க்கு இவை போதுமானவை. ஆங்கிலேயர் காலத்து மீன்துறை ஆவணங்களின் வழி 'மீன் விதை' என்ற பொதுப்பெயர் இந்திய ஆங்கிலத்தில் நிலைபெற்றது; அங்கிருந்து பிற மாநில மொழிகளுக்கும் சென்றது. 1957ஆம் ஆண்டு சூலை 10ஆம் நாள் ஒரிசாவின் அங்குலில் ஹீராலால் சௌத்ரியும் கே. எச். அலிக்குஞ்ஞியும் பிட்யூட்டரிச் சாற்றை ஊசிவழிச் செலுத்திக் கெண்டையை முட்டையிடச் செய்தனர். ஆற்றில் பொறுக்கிய விதை அன்று முதல் பண்ணையில் பிறக்கலாயிற்று. தொழில் மாறியது, சொல் மாறவில்லை. இரண்டாமவர் கேரளத்தவர் என்பதும், அவர் பெயரிலேயே 'குஞ்ஞு' இருப்பதும் சொல்லாராய்ச்சியாளர் புன்னகையோடு குறித்துக்கொள்ளத்தக்கவை.

விதையும் குஞ்சும் ஆகிய இவ்விரு உருவகங்களும் ஒரு கருத்தில் ஒத்துப்போகின்றன. விதையுள் இருப்பது செடியின் சிறு வடிவம். முட்டையிலிருந்து வருவது கோழியின் சிறு வடிவம். கோழிக்குஞ்சுக்கு அலகும் காலும் சிறகும் உண்டு. அது வளர்ந்தால் போதும், உருமாற வேண்டியதில்லை. ஆகவே இவ்விரு தொழில்களின் சொற்றொகுதியிலும் உருமாற்றத்திற்கு முந்திய பருவத்திற்கு இடமே இல்லை. பல்கலைக்கழகம் எதைப் பாடமாக வைத்திருக்கிறதோ, அந்தப் பருவத்திற்கே தமிழ்க் கையேட்டில் பெயரில்லை.

தமிழ்நாட்டு மீன்வளத்துறை வழக்கில் நுண்குஞ்சு, குஞ்சு, விரலி என்ற வரிசை உண்டு. இவற்றுள் விரலி மிகச் சிறந்த ஆக்கம். இகர விகுதி 'உடையது' என்னும் பொருளில் நாற்காலி போன்ற சொற்களில் வருவது. இங்கு 'அளவினது' என்னும் பொருளுக்கு விரிந்துள்ளது. ஈரோட்டுச் சந்தையில் விரலி மஞ்சள் என்ற வழக்கு முன்பே இருப்பதால் கொங்குப் பகுதி உழவர்க்கும், அதனை ஒட்டிய சித்தூர்த் தமிழர்க்கும் இச்சொல் விளக்கம் வேண்டாமலே புரியும். நுண்குஞ்சு என்பதோ அளவை மட்டும் சொல்கிறது. கெண்டையின் முட்டை, நீரின் வெப்பநிலைக்கேற்பப் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரத்தில் பொரிகிறது. வெளிவரும் உயிர் ஏறத்தாழ மூன்று நாள்கள் தன் வயிற்றடியில் உள்ள கருவுணவுப் பையை உண்டு வாழ்கிறது. அக்காலத்தில் அதற்குத் தீனி வேண்டியதில்லை. பை வற்றியதும் தீனி இன்றியமையாதது. நுண்குஞ்சு என்ற சொல் இந்தத் திருப்பத்தைக் காட்டுவதில்லை. கிண்ணத்தால் அளந்து விற்கும்போது அதுவே வசதியான சொல். வளர்ப்பவர்க்கு அது போதாது.

இளமைப் பெயர்களைப் பற்றிய ஆய்வு தமிழில் புதியதன்று. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது சொற்களைத் தந்து, எவ்வுயிர்க்கு எது உரியது என வரையறுக்கிறது. பறவைக்குரிய இளமைப் பெயர்களைத் தவழ்வனவும் ஏற்கும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. ஐங்குறுநூற்றில் ஆமைக்கும் முதலைக்கும் பார்ப்பு என்ற சொல் வருவது இதற்கு இயைந்ததே. மீனின் இளமைக்கு மரபியல் தனிச்சொல் வகுக்கவில்லை. பிற்கால வழக்கில் பறவைக்குரிய குஞ்சே மீனுக்கும் எலிக்கும் ஓணானுக்கும் விரிந்தது. தமிழ் மரபு இளமைப் பெயரை உயிரின் இனத்தைக் கொண்டு பிரித்தது. பருவத்தைக் கொண்டு பிரிக்கவில்லை. இன்றைய இடைவெளியின் வேர் இவ்வளவு பழையது.

4. மலையாளத்தின் வழியாக வரும் சொற்கள்

மலையாளக் கையேட்டைத் தமிழாக்குவது எளிது என்ற எண்ணம் எல்லைப்புறத்தில் இயல்பாக எழும். இனமொழிச் சொற்கள் மிகுதி என்பதே காரணம். அதுவே இடர்ப்பாட்டிற்கும் காரணம்.

மலையாளத்தில் மீன்வளர்ப்பை 'மத்ஸ்யக்ருஷி' என்பர். தமிழில் மீன் பயிரிடல் என எவரும் கூறார். கேரளக் கடலோரத்தின் பொக்காளி வயல்களில் மழைக்காலத்தில் நெல்லும், அதன்பின் அதே வயலில் இறாலும் மாறிமாறி விளைவிக்கப்படுகின்றன. ஒரே நிலம் இரண்டையும் தரும்போது இரண்டும் 'க்ருஷி' ஆவதில் வியப்பில்லை. க்ருஷி, வித்து, விளவெடுப்பு என அங்கு வேளாண் உருவகம் முழுமையாக நிற்கிறது. தமிழில் வளர்ப்பு என்ற சொல் உயிரினத்தைச் சுட்டுவதால் உருவகம் பாதியில் பிளவுபடுகிறது. 'வித்து' என்பதை 'விதை' என மாற்றுவது ஒலியளவில் சரி. ஆனால் மலையாளத்தில் 'கல்லும்மக்காய் வித்து' என்றால் பாறையில் ஒட்டிய சிறு சிப்பியைக் குறிக்கும். அதுவும் விதை, மூன்று நாள் கெண்டையும் விதை என்றால் தமிழ்ப் பயிற்சியாளர் எதை எண்ணுவார்?

குஞ்சு என்பதன் இணைச்சொல் மலையாளத்தில் குஞ்ஞு. தமிழின் மெல்லின வல்லினக் கூட்டம் மலையாளத்தில் இரட்டை மெல்லினமாவது மஞ்சள், மஞ்ஞள் போன்றவற்றில் காணப்படும் பொதுமாற்றம். பொருளளவில் குஞ்ஞு மனிதக் குழந்தையையும் குறிக்கும், தமிழ்க் குஞ்சு குறிக்காது. 'குஞ்சு குளுவான்' போன்ற தொடர்களில் மட்டும் அப்பழைய பரப்பின் நிழல் தெரிகிறது. மலையாளியின் காதில் மத்ஸ்யக்குஞ்ஞு என்பது மீனின் குழந்தை, எனவே எப்பருவத்திற்கும் பொருந்தும். தமிழரின் காதில் மீன்குஞ்சு என்பது மீனின் சிறுவடிவம்.

பொரிதல் இன்னும் சுவையான சொல். தமிழில் முட்டை பொரிந்து குஞ்சு வரும். அப்பளமும் எண்ணெயில் பொரியும். இடமறிந்து பொருள் கொள்கிறோம். மலையாளத்தில் முட்டை 'விரியும்'. பொரிப்பது அடுப்பில் மட்டுமே. மலையாள வழியில் பயின்ற பாலக்காட்டுத் தமிழ் இளைஞர் 'மீன் பொரிப்பகம்' என்ற பலகையைக் கண்டால் அதனைச் சிற்றுண்டிக் கடை எனக் கருத முழு நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் நன்கு நிலைபெற்ற இச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை. எல்லைப்புற ஏடுகளில் 'குஞ்சு பொரிப்பகம்' எனச் செயப்படுபொருளோடு சேர்த்து எழுதினால் இம்மயக்கம் நீங்கும்.

உவர்நீர் வேறொரு வகைச் சிக்கல். மலையாளத்தின் ஓருவெள்ளம் என்பதிலுள்ள 'ஓரு', தமிழின் உவர் என்பதற்கு இனமான சொல். கேரளக் காயற்கரையில் ஓருவெள்ளம் அன்றாட வழக்கு. பாலக்காட்டுச் சமவெளியிலும் இடுக்கி மலையிலும் காயல் இல்லை. அங்குள்ள தமிழ் உழவர்க்கு உவர் என்பது மண்ணின் குறைபாடு, உவர் பாய்ந்த நிலத்தில் பயிர் வராது. அவரிடம் 'லார்வாவிற்கு உவர்நீர் தேவை' எனக் கூறுவது 'பயிருக்குக் களர் தேவை' எனக் கூறுவதற்கு ஒப்பாகும். 'கடல்நீரும் நன்னீரும் கலந்த நீர்' என்று விரித்தெழுதுவதே இங்கு நல்லது. கலைச்சொல் சுருக்கமாக இருத்தல் வேண்டும் என்ற விதிக்குப் பயிற்சிக் கையேட்டில் விலக்கு உண்டு.

5. லார்வா, புழு, குடம்பி

லார்வா இலத்தீனச் சொல். அதன் பழம்பொருள் பேய், முகமூடி என்பன. முதிர்ந்த பூச்சியின் உண்மை வடிவம் இப்பருவத்தில் முகமூடியிட்டு மறைந்திருக்கிறது என்ற கருத்தில் லின்னேயஸ் இதனை உயிரியலுக்குக் கொண்டுவந்தார். வடிவ வேறுபாடே இச்சொல்லின் உயிர்க்கருத்து.

தமிழ்நாட்டுப் பள்ளி நூல்களில் வழங்கும் 'இளம் உயிரி' இக்கருத்தைக் காட்டவில்லை. கன்றும் குட்டியும் இளம் உயிரிகளே. நலவாழ்வுத் துறையின் வழக்கில் கொசுவின் லார்வா கொசுப்புழு எனப்படுகிறது. அங்கு அது பொருத்தமானதே. ஒழிக்க வேண்டிய ஒன்றுக்குப் புழு என்ற பெயர் உதவவும் செய்கிறது. வளர்க்க வேண்டிய ஒன்றுக்கு அப்பெயர் ஆகாது. மேலும், மீன்வளர்ப்புப் பாடத்திலேயே புழு வேறோர் இடத்தில் வருகிறது. நாற்றங்கால் குளத்தில் விடப்பட்ட நுண்குஞ்சுகளைத் தட்டாரப்பூச்சியின் இளம்பருவம், முதுகு நீச்சல் பூச்சி முதலியவை பிடித்துண்ணும். அவற்றைக் கொல்ல எண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலைக் குளத்தின் மேற்பரப்பில் பரப்புவது நடைமுறை. ஒரே பாடத்தில் 'லார்வாவைப் பேணுக' என்றும் 'லார்வாவை அழிக்க' என்றும் வரக்கூடும். மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் இறால் லார்வா, மீன் லார்வா, பூச்சிப்புழு என அடைகொடுத்துப் பிரித்தல் வேண்டும்.

இலங்கைத் தமிழ் இச்சிக்கலை வேறு வழியில் தீர்த்துள்ளது. அங்குப் பள்ளி உயிரியலிலும் செய்தித்தாளிலும் லார்வா என்பதற்குக் குடம்பி என்றே எழுதுவர். நுளம்புக் குடம்பி என்பது டெங்கு ஒழிப்பு அறிவிப்புகளில் பொதுமக்கள் படிக்கும் சொல். குடம்பை என்ற பழஞ்சொல்லோடு இதன் உறவு வெளிப்படை. திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தில் வரும் குடம்பைக்குப் பரிமேலழகர் முட்டை எனப் பொருள் கொண்டார், கூடு எனக் கொண்டவரும் உளர். முட்டையோ கூடோ, விட்டு நீங்கும் உறை என்ற கருத்து இரண்டிலும் உண்டு. உருமாறும் உயிர்க்கு இதைவிடப் பொருத்தமான வேர் தமிழில் அமைவது அரிது.

ஆயினும் சித்தூரிலும் மூணாறிலும் குடம்பி புதுச்சொல். மலையாளக் கையேடு லார்வா என்றே எழுதுகிறது, பயிற்றுநரும் அதையே சொல்கிறார். எல்லைப்புறப் பயிற்சி ஏட்டில் லார்வாவை ஏற்பதும், ஆய்வுக் கட்டுரைகளில் குடம்பியைப் பயில்வதும் தக்கவை. தூய்மை பற்றிய வாதம் இங்கு இரண்டாமிடத்தது. இரு சொற்களுள் எதுவாயினும் அது குஞ்சினின்று பிரிந்து நிற்பதே தேவை.

6. பருவப் பெயர்கள்

கடல் இறாலின் லார்வா நாப்ளியஸ், சோயியா, மைசிஸ் என மூன்று பெரும் பருவங்களைக் கடந்து, லார்வாப் பின்பருவத்தை அடைகிறது. ஜப்பானின் மொட்டொசாக்கு ஃபுஜினாகா 1934இல் இவ்விறாலை முட்டையிடச் செய்து லார்வாவை வளர்க்கத் தொடங்கியதே இத்தொழிலின் பிறப்பு. தமிழ்நாட்டுக் கடற்கரைப் பொரிப்பகங்களில் பணியாளர் இப்பெயர்களை நாப்ளி, சோயியா, மைசிஸ், பி.எல். என இயல்பாக வழங்குகின்றனர்.

இப்பெயர்களைப் பொருள்பெயர்க்க முயல்வோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். இவை பருவப் பெயர்களாகப் பிறந்தவையல்ல. டேனிய அறிஞர் முல்லர் 18ஆம் நூற்றாண்டில் நாப்ளியஸைத் தனியோர் உயிரினமாகக் கருதிக் கிரேக்கத் தொன்மத்தின் பெயரொன்றை அதற்கு இட்டார். பிரெஞ்சு அறிஞர் போஸ்க் சோயியாவையும் தனி உயிரினம் என்றே எண்ணினார். அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தருகே வான் தாம்சன் 1820களில் சோயியாவை வளர்த்துப் பார்த்து அது நண்டின் இளம்பருவம் எனக் காட்டினார். மைசிஸ் இன்றும் வேறொரு சிற்றுயிரின் பேரினப் பெயர். இறாலின் அப்பருவம் அதனைப் போன்றிருந்ததால் அப்பெயர் பெற்றது. பொருள் இல்லாத பெயருக்குப் பொருள் தேடி 'முதற்பருவ இளவுயிரி', 'இடைப்பருவ இளவுயிரி' என ஆக்குவதால் பயன் சிறிது, கேடு பெரிது. ஏனெனில் நாப்ளியஸ் எதையும் உண்பதில்லை, தன் கருவுணவில் வாழ்கிறது. சோயியாவானதும் அதற்கு டயாட்டம் என்னும் நுண்பாசி உடனே வேண்டும். மைசிஸ் பருவத்தில் விலங்குணவும் சேர்கிறது. பணியாளர்க்கு ஒவ்வொரு பெயரும் ஒரு தீனிக் கட்டளை. உலகெங்கும் வழங்கும் அப்பெயரைத் தமிழ் எழுத்தில் வைத்து, அருகில் தமிழில் அதன் தோற்றத்தையும் தீனியையும் எழுதுவதே சரி. ஆற்று இறாலின் லார்வா தலைகீழாக, வால் முன்செல்ல நீந்துகிறது. உருமாறியபின் நிமிர்ந்து, தலை முன்செல்ல நீந்தி, தொட்டியின் அடியிலும் சுவரிலும் ஊர்கிறது. 'தலைகீழாக நீந்தும் வரை லார்வா. நிமிர்ந்து நீந்தினால் குஞ்சு' என்ற வரையறை நுண்ணோக்கி இல்லாதவர்க்கும் பயன்படும்.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் இறால், நண்டு, சிப்பி யாவற்றையும் 'ஓட்டுமீன்' என்பது போல் தொகுத்துக் கூறுவர். தமிழில் அத்தொகுப்பு இல்லை. மரபியல் நத்தையினத்தை ஈரறிவிலும் நண்டை நான்கறிவிலும் வைத்து நெடுந்தொலைவு பிரித்தது. லார்வாப் பருவத்தைக் காண்கையில் அப்பிரிவே மேல் எனத் தோன்றுகிறது. தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1981இல் முத்துச்சிப்பியின் லார்வாவை வளர்ப்பதில் வெற்றி கண்டனர். அவ்வாய்வுகளில் வரும் லார்வா, இறாலினதோடு எவ்வகையிலும் ஒத்ததன்று. பொரிந்து ஒரு நாளளவில் இரட்டை ஓடு பெற்று, மயிரிழைகளால் நீந்தி, ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப்பின் ஒரு பற்றுக்கோட்டில் ஒட்டிக்கொள்கிறது. அதன் தொடக்க வடிவை ஆங்கில நூல்கள் 'டி வடிவம்' என்கின்றன. அதனை அப்படியே தமிழில் எழுதினால் படிப்பவர் தமிழின் 'டி' எழுத்தைத் தேடுவார். அரைவட்ட வடிவம் என்றால் வேலை முடிந்தது.

7. மலையின் முட்டைச் சொற்கள்

இடுக்கியின் உயர்மலையில் ட்ரவுட் மீன் தோட்டக்காரர்களின் தூண்டில் விளையாட்டிற்காகக் கொண்டுவரப்பட்டது. அண்டை மலையான நீலகிரியில் எச். சி. வில்சன் 1907ஆம் ஆண்டளவில் அவலாஞ்சியில் இதன் பொரிப்பகத்தை அமைத்தார். மூணாற்றையடுத்த இராஜமலையிலும் ட்ரவுட் முட்டைகள் பொரிக்கப்பட்டன. தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோர் தமிழர் என்பதால் இம்மீனின் சொற்கள் அங்குத் தமிழில் தேவைப்படுபவை.

இங்குச் சிக்கல் முட்டையிலேயே தொடங்குகிறது. புதிதாகக் கருவுற்ற முட்டையை ஆங்கிலத்தில் 'பச்சை முட்டை' என்ற பொருள்படக் கூறுவர். அங்குப் பசுமை நிறமன்று, புதுமை. தமிழ்ப் பச்சையும் நிறத்தோடு முதிராமை, வேகாமை ஆகியவற்றைக் குறிக்குமாதலால் சொல்லுக்குச் சொல் பெயர்த்தாலும் ஒருவாறு பொருந்திவிடுகிறது, ஆனால் கேட்பவர் வேகாத கோழிமுட்டையை நினைப்பார். அடுத்த நிலை, உள்ளிருக்கும் கருவின் கண்கள் கரும்புள்ளிகளாக வெளியே தெரியும் முட்டை. இதனைக் 'கண் வைத்த முட்டை' என எழுதுவது தமிழறியாதார் செயல். கண் வைத்தால் திருஷ்டி. 'கண் தெரியும் முட்டை' என்பது பொருளும் தந்து பழிக்கும் ஆளாகாது. இவ்வேறுபாடு சொல்லழகு பற்றியதன்று. கண் தெரிவதற்கு முந்திய நாள்களில் முட்டை அதிர்ச்சி தாங்காது. கண் தெரிந்தபின் ஈரத்தோடு பொதிந்து மலைப்பாதையில் எடுத்துச் செல்லலாம்.

8. பையின் மேல் எழுதப்படுவது

இறால், மீன் இளம்பருவங்கள் பாலித்தீன் பைகளில், ஒரு பங்கு நீரும் இரு பங்கு ஆக்சிஜனுமாக அடைக்கப்பட்டுப் பண்ணைக்கு வருகின்றன. கடலோரப் பொரிப்பகத்திலிருந்து பாலக்காட்டுக் குளத்திற்கு வரும் பையில் பெரும்பாலும் 'பி.எல்.' என்ற எழுத்துகளும் ஓர் எண்ணுமே இருக்கும். அவ்வெண் பிறந்தது முதல் எண்ணிய நாளன்று. லார்வாப் பருவம் முடிந்தது முதல் எண்ணிய நாள். ஆற்று இறாலாயின், அது நன்னீர்க்குப் பழக்கப்பட்டதா என்பதை அவ்வெண் சொல்வதில்லை. பட்டியலில் அதே பை தமிழில் 'இறால் குஞ்சு' என்றும் மலையாளத்தில் 'கொஞ்சுகுஞ்ஞு' என்றும் பதிவாகும். தமிழருக்குக் கொஞ்சு என்பது குழந்தையிடம் செய்வது.

இப்பைக்கு வேண்டுவது புதிய கலைச்சொல் அகராதியன்று. 'லார்வா' அல்லது 'குஞ்சு' என்ற இரண்டில் ஒன்று, அதனடியில் 'நன்னீர்க்குப் பழக்கியது' அல்லது 'கடல்நீர் கலந்த நீரில் மட்டும் விடவும்' என்ற ஒரு வரி, பழக்குவதற்கு எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம். இவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் அடுத்தடுத்து அச்சிட ஓர் உள்ளங்கை அளவுத் தாள் போதும்.